எம்.பி. படிக்காத மூன்றாம் பக்கம்

அப்பாதுரை எம்.பி. ஆகிப் பத்து மாதமாகியும் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. தேர்தலில் நிற்பதற்கு முன்னால் மரக்காணத்தில் உப்பு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர் அவர். எந்த உப்பளத்தில் எத்தனை லோடு தேறும், எந்த டிரைவர் செக்போஸ்ட்டில் சண்டை போடுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கட்சிக்குள் இரண்டு பெரிய ஆட்கள் சீட்டுக்காக அடித்துக்கொண்டதில், யாருக்கும் பகையாளி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இவருக்கு சீட் கிடைத்தது. கூட்டணி அலையில் ஜெயித்தும்விட்டார். டெல்லியில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் இடம். மற்றவர்கள் மேஜையைத் தட்டும்போது தட்டுவார். எழுந்து போகும்போது எழுந்து போவார்.

இது ஊரில் யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை, அவர் மனைவி சரஸ்வதியைத் தவிர. "பக்கத்துத் தொகுதிக்காரர் மூணு வாட்டி டிவில வந்துட்டாரு. நீங்க எப்பதான் பேசுவீங்க?" என்று சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்பாள்.

2005 மார்ச் முதல் வாரத்தில் அதற்கு வழி பிறந்தது. காலை பத்து மணிக்குக் கட்சியின் டெல்லி அலுவலகத்திலிருந்து ஒரு பேக்ஸ் வந்தது. காப்புரிமைச் சட்டத் திருத்த மசோதா வரப்போகிறது, கட்சி ஆதரித்துப் பேசுகிறது, நான்கு நிமிடம் அப்பாதுரைக்கு. பேச்சையும் யாரோ ஒரு வக்கீல் எழுதி அனுப்பிவிட்டார். மூன்று பக்கம், சுத்தமான இங்கிலீஷ்.

அப்பாதுரை எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார், ஆனால் வரி முடிவதற்குள் மூச்சு வாங்கும். போன் போட்டு, "தமிழ்ல பேசிடட்டுமாங்க?" என்று கேட்டுப் பார்த்தார். "தமிழ்ல பேசினா இங்க எந்தப் பத்திரிகைக்காரனும் போடமாட்டான், அப்படியே படிங்க" என்றது மறுமுனை.

பேக்ஸ் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த செல்வி கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்.

சென்டரை நடத்திய மேரிசெல்வி உப்பளத்தில் வேலை பார்த்த சவரிமுத்துவின் மகள். வயது முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் இரண்டு டைப்ரைட்டரோடு ஆரம்பித்த இடம் அது. பிறகு தபால் வழியில் கம்ப்யூட்டர் படித்தாள். இப்போது மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் பத்து நிமிடம் தாங்கும் ஒரு பேட்டரி. புக்கிங் ஆபீஸ் காலத்திலிருந்து பதினைந்து வருஷமாக அப்பாதுரையின் மனு, கடிதம், நோட்டீஸ் எல்லாம் அவள் கையால் அடித்ததுதான். அவர் வாய்க்கு வந்தபடி சொல்வார். அவள் அதை எழுத்துக்கு வந்தபடி ஆக்குவாள்.

"செல்வி, இத எனக்குத் தமிழ் எழுத்துல அடிச்சுக் குடும்மா."

"மொழிபெயர்க்கணுமா அண்ணே?"

"இல்லம்மா. இங்கிலீஷு இங்கிலீஷாவே இருக்கட்டும். எழுத்து மட்டும் தமிழ்ல."

மேரிசெல்வி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "மிஸ்டர் ஸ்பீக்கர் சார், ஐ ரைஸ் டு சப்போர்ட்" என்று முதல் வரி திரையில் வந்தது. அப்பாதுரை பின்னாலிருந்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். அழகாக வந்தது. அவருக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது.

இரண்டு பக்கம் ஓடியது. மூன்றாவது பக்கத்தின் நடுவில் அவள் கை நின்றது. அந்தப் பத்தியை ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?"

"காப்புரிமைச் சட்டம். மருந்து கம்பெனி சமாச்சாரம். தலைவர் ஆதரிக்கச் சொல்லிட்டாரு."

"மருந்து ரெண்டு பக்கம். மூணாவது பக்கம் என் பொழப்பு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் திரையைக் காட்டிச் சொன்னாள். "டிசம்பர் கடைசில ஒரு அவசரச் சட்டம் போட்டாங்க. அதுல கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் காப்புரிமை, அதான் பேட்டன்ட், குடுக்கறதுக்கு வழிவிட்டு ஒரு வரி இருக்குது. அது ரொம்ப நல்லது, நாடு முன்னேறும்னு நீங்க பேசப்போறீங்க."

"நல்லதுதானே? நீ எழுதறத எவனும் திருட முடியாதில்ல?"

"அதுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்குது அண்ணே. நான் எழுதினத ஒருத்தன் அப்படியே காப்பி அடிச்சா நான் கோர்ட்டுக்குப் போகலாம். இது வேற. இது யோசனைக்கே பட்டா போட்டுக் குடுக்கறது."

"யோசனைக்குப் பட்டாவா?"

நிலம், குத்தகை, பட்டா என்றால் அப்பாதுரைக்கு உடனே காது நிமிரும். உப்பளம் இருக்கிற ஊரில் பாதி வழக்கு அதில்தான். மேரிசெல்விக்கு அது தெரியும்.

"ஜனவரில நான் எழுதின புரோகிராம் ஞாபகம் இருக்குதா? பேர் தேடறது?"

ஞாபகம் இல்லாமல் எப்படி இருக்கும். டிசம்பரில் கடல் பொங்கி வந்த மறுநாளிலிருந்து ஒரு மாதம் அப்பாதுரை வீட்டில் தங்கியதே இல்லை. பக்கத்து மீனவர் ஊரான எக்கியார்குப்பத்து ஜனங்கள் பள்ளிக்கூடத்திலும் சர்ச் ஹாலிலும் கல்யாண மண்டபத்திலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். அடிபட்டவர்களைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிகளுக்கு யார் யாரோ வண்டியில் ஏற்றிப் போயிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு லிஸ்ட் இருந்தது. ஒன்று தமிழில், ஒன்று இங்கிலீஷில், ஒன்று யாருக்கும் புரியாத கையெழுத்தில். சாலம்மாள் என்ற ஒருத்தி ஒரு தாளில் சாலம்மா, இன்னொன்றில் சலமா. யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மேரிசெல்வி அத்தனை லிஸ்டையும் வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நான்கு நாள் சென்டரைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, பேரை எழுத்தை வைத்துத் தேடாமல் சத்தத்தை வைத்துத் தேடுகிற ஒரு புரோகிராம் எழுதினாள். ஒரே மாதிரி ஒலிக்கிற பேரெல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

அஞ்சம்மாள் என்ற மீனவப் பெண் தன் ஆறு வயது மகள் பூஜாவைத் தேடிப் பத்து நாளாக ஒவ்வொரு வாசலாக நடந்துகொண்டிருந்தாள். அவளை அப்பாதுரைதான் சென்டருக்கு அழைத்து வந்தார். அவள் மகளின் பேரைச் சொன்னாள். மேரிசெல்வி தட்டினாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி லிஸ்டில் ஒரு வரி மேலே ஏறி வந்தது. 'பூசா, தகப்பன் காளியான், வயது 7.' எல்லாமே கொஞ்சம் தப்பு. தகப்பன் பேர் கலியன். ஆனாலும் அவள்தான். கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு, பன் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று அப்பாதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, எம்.பி. என்பதை மறந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அந்த யோசனை முழுக்க என்னுது இல்ல அண்ணே" என்றாள் மேரிசெல்வி. "சத்தத்த வச்சுத் தேடறத இங்கிலீஷ் பேருக்கு எப்பவோ யாரோ கண்டுபிடிச்சுட்டாங்க, இப்ப அத யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். அத எடுத்துத்தான் தமிழுக்கு மாத்தினேன். அதுக்கு ஒருத்தன் பட்டா வாங்கி வச்சிருந்தா, நான் சொந்தமா உக்காந்து எழுதினாக்கூட அவன்கிட்ட போய் நிக்கணும். அவன் யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. நோட்டீஸ் வந்தப்புறம்தான் தெரியும்."

அப்பாதுரை பேக்ஸ் தாள்களை அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நீ அடிச்சு முடி" என்றார்.

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் ஒரு எழுத்து தப்பில்லாமல் முழுதும் அடித்தாள். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் பின் குத்திக் கொடுத்தாள். "எங்க மூச்சு விடணுமோ அங்க கோடு போட்டிருக்கேன்" என்றாள். அந்தக் கரிசனம்தான் அவரை என்னவோ செய்தது.

அடுத்த இரண்டு நாள் விடிந்ததும் அப்பாதுரை அளத்துப் பக்கம் நடந்துபோய்ச் சத்தமாகப் படித்துப் பழகினார். கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை வாரி எடுத்துவிட்டுப் தொழிலாளர்கள் பாத்திகளை மறுபடி மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எம்.பி. வரப்பில் நின்று இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டு வேலை நின்றது. முதல் இரண்டு பக்கமும் தண்ணீர் மாதிரி போனது. மூன்றாவது பக்கத்தில், 'தன்னளவில்' என்ற அர்த்தத்தில் 'பெர் சே' என்று ஒரு வக்கீல் வார்த்தை வந்தது. ஒவ்வொரு தடவையும் அங்கே நாக்கு இடறியது. அளத்தில் வேலை பார்த்த ராஜாங்கம், "யாருங்க அந்த பெர்சே, வெள்ளைக்காரனா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதுரையும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

டெல்லிக்குக் கிளம்புகிற அன்று சென்டருக்குள் நுழைந்தார். "செல்வி, தமிழ்ல ஒரு லெட்டர் அடி. மசோதா கொண்டுவர்ற அமைச்சருக்கு. பூஜா கதைய எழுது, அப்புறம் அந்தப் பட்டா விஷயத்த எழுது. ஒரு பக்கத்துக்கு மேல போகவேணாம்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பாக்கற? அடி. பஸ் போயிடும்."

கூடவே இங்கிலீஷிலும் ஒரு பிரதி தயாரானது. அதையும் மேரிசெல்விதான் எழுதினாள். இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, விஷயம் தெளிவாக இருந்தது.

டெல்லியில் அமைச்சரைப் பார்க்க முடியவில்லை. அவருடைய உதவியாளர் கடிதத்தை வாங்கி ஏற்கெனவே உயரமாக இருந்த ஓர் அடுக்கின் மேல் வைத்தார். அங்கிருந்து அப்பாதுரை கட்சிக் கொறடாவின் வீட்டுக்குப் போனார். கொறடா நாற்பது வருஷம் அரசியலில் இருந்தவர், கோபம் வந்தாலும் குரல் உயராத மனுஷர்.

"அய்யா, மொத ரெண்டு பக்கம் படிக்கிறேன். மூணாவது பக்கம் மட்டும் என்னால படிக்க முடியாதுங்க."

"ஏன்? எழுத்து தெரியலயா?"

"எழுத்து நல்லாத் தெரியுது. மருந்து பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அதுல நீங்க சொல்றத கேட்டுக்கறேன். இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்."

"அப்பாதுரை, உனக்குக் கம்ப்யூட்டர ஆன் பண்ணத் தெரியுமாய்யா?"

"தெரியாதுங்க."

"பின்ன?"

அப்பாதுரை பூஜா கதையைச் சொன்னார். நின்றுகொண்டே, கைகளை ஆட்டி, லாரி ஆபீஸில் பேசுகிற மாதிரி பேசினார். காளியான் என்ற பேரை இரண்டு தடவை சொன்னார். கொறடா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்குதுய்யா. ஆனா கட்சி முடிவு பண்ணிடுச்சு. ஒருத்தன் ஒரு பக்கத்த விட்டான்னா நாளைக்கு இன்னொருத்தன் ரெண்டு பக்கத்த விடுவான். உன் டைம வேற ஆளுக்குக் குடுத்துடறேன். இந்த வருஷம் மறுபடி டைம் கேட்டு எங்கிட்ட வராத."

"சரிங்க" என்றார் அப்பாதுரை. வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான், சரஸ்வதிக்கு இதை எப்படிச் சொல்வது என்ற நினைப்பு வந்தது. போனை எடுத்தார். பயம் வந்து மறுபடி பைக்குள் வைத்தார்.

மசோதா விவாதத்துக்கு வந்த நாள். அப்பாதுரை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான்கு வரிசை முன்னால் அவர் கட்சிக்காரர் ஒருவர், அவரும் ஒரு வக்கீல், அதே பேச்சை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். அவர் எழுந்தார். முதல் பக்கம் படித்தார். அப்பாதுரையின் உதடுகள் தானாக அசைந்தன. ஒவ்வொரு வரியும் அவருக்கு மனப்பாடம். இரண்டாவது பக்கம் முடிந்தது. மேரிசெல்வி கோடு போட்டிருந்த இடத்தில் அப்பாதுரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளியிலிருந்து ஆட்சிக்கு ஆதரவு கொடுக்கிற இடதுசாரிகள் மசோதாவில் பல திருத்தங்கள் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். அரசு சிலவற்றுக்கு இறங்கி வந்தது. கம்ப்யூட்டர் புரோகிராம் பற்றிய அந்த வரி போய்விட்டது. மூன்றாம் பக்கத்துக்கு வேலையே இல்லாமல் போனதால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

அப்பாதுரை வெளியே வந்து மேரிசெல்விக்குப் போன் போட்டார்.

"செல்வி, அந்த வரி போயிடுச்சும்மா."

"நெசமாவா? அண்ணே! உங்க லெட்டராலயா?"

"இல்லம்மா. அது அங்கயே அடுக்குலதான் கிடக்கும். கம்யூனிஸ்ட்காரங்க கேட்டாங்க, ஊரூருக்குக் கம்ப்யூட்டர்காரங்க கேட்டாங்க, எடுத்துட்டாங்க. என் பேச்சுல இருந்தே அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டாங்க, பாரு."

மேரிசெல்வி யோசித்தாள். "அப்ப... நீங்களே படிச்சிருக்கலாமே!"

"படிச்சிருக்கலாம்."

 யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாமல் இருவரும் சிரித்தார்கள். அப்பாதுரைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. வாசலில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே" என்றாள் மேரிசெல்வி, குரல் மாறி. "இங்க அண்ணி தெருவையே கூட்டி வச்சிருக்காங்க. கேபிள்காரர்கிட்ட சொல்லி நாடாளுமன்றத்தக் காட்டற சேனல வரவச்சு, காலைலேர்ந்து நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. உங்க கட்சிக்காரர் பேசி முடிச்சதும் அண்ணி எழுந்து உள்ள போயிட்டாங்க."

மூன்றாம் நாள் அப்பாதுரை வீடு வந்து சேர்ந்தபோது சரஸ்வதி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவர் நின்ற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பெருக்கினாள்.

"சரசு, நான் சொல்றத..."

"எல்லாம் செல்வி வந்து சொல்லிடுச்சு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நீங்க பேசலன்னு எனக்குக் கோவம் இல்ல. ஒரு போன் பண்ணியிருந்தா நாப்பது பேரு முன்னால நான் அப்படி முழிச்சிட்டு நிக்கமாட்டேன் இல்ல? சர்பத் வேற போட்டுக் குடுத்தேன்."

"தப்புதான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? அத்தினி பேரையும் சாயங்காலம் மறுபடி வரச் சொல்லியிருக்கேன். அங்க என்ன பேச நெனச்சீங்களோ அத இங்க பேசுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் பாய் விரித்தாயிற்று. எக்கியார்குப்பத்திலிருந்து அஞ்சம்மாள், கட்டுப் பிரித்த காலோடு பூஜாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அளத்து வேலை முடிந்து ராஜாங்கமும் நாலைந்து பேரும் உப்புப் பூத்த காலோடு அப்படியே வந்து நின்றார்கள். மேரிசெல்வி யாரும் பார்க்காத இடமாகத் தேடிப் பின்னால் உட்கார்ந்தாள்.

அப்பாதுரை கையில் தாள் இல்லை. மூச்சு விடும் இடம் எது என்று அவருக்கு யாரும் கோடு போட்டுத் தரவில்லை. தமிழில் பேசினார். பட்டா என்றால் என்ன என்று ஆரம்பித்தார். கடல் தண்ணியைப் பாத்தி கட்டிக் காயவைத்தால் உப்பு வரும் என்பதற்கு ஒருத்தன் பட்டா வாங்கினால் நம் கதி என்ன என்று கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மேரிசெல்வியைக் கை காட்டி, இந்தப் பொண்ணு மண்டைக்குள்ள இருக்கறதுக்கு வேற எவனும் வேலி போடக்கூடாது என்றார். மேரிசெல்வி சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பூஜா தன் பேர் வந்ததும் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்தாள்.

முடித்ததும் கைதட்டினார்கள். ராஜாங்கம் எழுந்தான்.

"எல்லாம் புரிஞ்சிதுங்க. அளத்துக்குப் போற ரோட்டுல சேறு இன்னும் அப்படியே கிடக்குது, லாரி உள்ள வர மாட்டேங்குது. அதுக்கு எந்தச் சட்டம் போடணும்?"

தெருவே சிரித்தது. "அதுக்கு சட்டம் வேணாம்பா, செல்வி ஒரு லெட்டர் அடிச்சா போதும்" என்றார் அப்பாதுரை. மறுநாள் காலையில் அந்தக் கடிதம் கலெக்டர் ஆபீஸுக்குப் போனது. ஏப்ரல் நடுவில் மண்வாரி இயந்திரம் வந்தது.

கொறடா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த வருஷம் முழுவதும் அப்பாதுரைக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. ஆனால் 2006 மார்ச்சில் அவரே கூப்பிட்டு, "மூணு நிமிஷம். உப்பளத் தொழிலாளிங்க பத்தி. தமிழ்லயே பேசு. எழுதித் தரமாட்டேன், நீயே பேசிக்க" என்றார்.

சரஸ்வதி இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அவளும் மேரிசெல்வியும் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அவர் பேர் வந்தது. அப்பாதுரை எழுந்தார். மைக்கைத் தேடினார். பிறகு பேச ஆரம்பித்தார், நிதானமாக.

மேரிசெல்வி சரஸ்வதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சரஸ்வதியின் கண்கள் நிறைந்து வழிந்தன. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"காலர் மடிஞ்சு கிடக்குது பாரு செல்வி. அத ஒருத்தர் எடுத்துச் சொல்லக் கூடாதா, அத்தினி பேரு உக்காந்திருக்காங்க?"